ஒட்டுசுட்டானில் இருந்து எழுத்து வேலை தேடும் தங்கச்சிக்கு

கேள்வி: வணக்கம் அக்கா. நான் ஒட்டுசுட்டான் பக்கம். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் இரண்டு வருடம் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். திட்டம் முடிய வேலையும் முடிந்தது. எழுதுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே விருப்பம். ஒன்லைனில் எழுதிச் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். அப்வேர்க் என்ற ஒன்லைன் வேலைத் தளத்தில் கணக்குத் திறந்து இருபது வேலைக்கு மேல் விண்ணப்பித்தும் ஒருவரும் பதில் போடவில்லை. இதற்கிடையில் பேஸ்புக்கில் ஒருவர், 6,500 ரூபா பதிவுக் கட்டணம் கட்டினால் தட்டச்சு வேலை தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா? முதல் வேலையை எங்கே தேடுவது? செயற்கை நுண்ணறிவு வந்த பிறகும் இந்தத் தொழிலை நம்பலாமா? வெளிநாட்டுக் காசு எப்படிக் கைக்கு வரும்? தம்பியின் பழைய லப்டொப்தான் இருக்கிறது. கிழமைக் கடன் எடுத்துப் புதிது வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்.

பதில்:

முதலில் அந்த 6,500 ரூபா. கட்டாதீர்கள். அந்த ஆளோடு இனிக் கதைக்கவும் வேண்டாம். வேலை தருகிறவர் உங்களுக்குக் காசு தருவார், உங்களிடம் கேட்கமாட்டார்.

இந்தத் தட்டச்சு விளையாட்டு எப்படிப் போகும் என்று சொல்கிறேன், உங்கள் ஊரில் வேறு பிள்ளைகளிடமும் இதே ஆள் பேசியிருக்கக்கூடும். கட்டணத்தை வாங்கியதும் ஸ்கேன் செய்த ஆங்கிலப் பக்கங்களை நூற்றுக்கணக்கில் அனுப்புவார்கள். ஒரு கிழமைக்குள் பிழையில்லாமல் அடித்துக் கொடுக்கவேண்டும். நித்திரை முழித்து அடித்துக் கொடுத்தால், பிழை கூடிவிட்டது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று தண்டப்பணம் கேட்பார்கள். கட்டாவிட்டால் சட்டத்தரணியின் கடிதம் மாதிரி ஒன்று வட்ஸ்அப்பில் வரும். பயந்துபோய் இன்னொரு தொகையும் கட்டியவர்கள் இருக்கிறார்கள். படத்தில் இருக்கும் எழுத்தை ஒரு சாதாரண ஃபோனே நொடியில் படித்துத் தருகிற காலத்தில், அதைக் கையால் அடிப்பதற்கு எவர் டொலர் கொடுக்கப்போகிறார்?

இதற்கு ஒன்றுவிட்ட சகோதரங்களும் உண்டு. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி முதலில் சில நூறு ரூபா உண்மையாகவே தருவார்கள், பிறகு ‘கூடிய வருமானத்துக்கு’ என்று உங்களிடம் வைப்புக் கேட்பார்கள். உங்கள் அடையாள அட்டையில் திறந்த கணக்கை வாடகைக்குத் தரச் சொல்லி இன்னும் சிலர் வருவார்கள். எல்லாவற்றிலும் மோசமானது, ‘உங்கள் வங்கிக் கணக்குக்கு ஒரு தொகை வரும், கொமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்புங்கோ’ என்பது. அது பெரும்பாலும் இன்னொருவரிடம் ஏமாற்றிய காசு. பொலிஸ் தேடிவரும்போது புத்தகத்தில் இருக்கப்போவது உங்கள் பெயர்.

சரி, அப்வேர்க்குக்கு வருவோம். இருபது விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை என்பது உங்கள் எழுத்தைப் பற்றிய தீர்ப்பில்லை. அனேகமாக ஒருவரும் அதைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். கேள்வியோடு நீங்கள் எனக்கு அனுப்பிய அப்வேர்க் சுயவிபரத்தில் ‘எந்தத் தலைப்பிலும் தரமான கட்டுரை எழுதித் தருவேன்’ என்று இருக்கிறது. இதே வரியை மணிலாவிலும் லாகூரிலும் நைரோபியிலும் இருந்து ஆயிரம் பேர் எழுதுகிறார்கள். அதில் பாதிப்பேருக்கு ஏற்கனவே நட்சத்திரங்களும் நல்ல வார்த்தைகளும் சேர்ந்திருக்கின்றன. அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றால் விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. விண்ணப்பிப்பதும் சும்மா இல்லை. அப்வேர்க்கில் விண்ணப்பத்துக்கான ‘கனெக்ட்’ ஒன்று 15 அமெரிக்க சதம், ஒரு வேலைக்குப் பல கனெக்ட் போகும். இலவசமாகக் கிடைத்தது முடிந்தால் கைக்காசுதான் கரையும்.

அதனால் கொஞ்ச நாளைக்கு அந்தத் தளத்தை மறந்துவிட்டு, உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான்கு வருடம் விவசாயத்தை ஆங்கிலத்தில் படித்திருக்கிறீர்கள். வன்னி விவசாயியோடு அவருடைய பேச்சிலேயே கதைக்கத் தெரியும். கேள்விக்கொத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போயிருக்கிறீர்கள். இலங்கைத் தமிழ் உங்கள் சொந்தத் தமிழ். இந்த நான்கும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது உலகச் சந்தையில் அரிது. இதையெல்லாம் விட்டுவிட்டு, ‘உடல் எடை குறைக்கப் பத்து வழிகள்’ எழுத ஏன் அலைகிறீர்கள்?

உங்களைப் போன்ற ஒருவருக்கு வன்னியிலிருந்தே செய்யக்கூடிய வேலைகளில் நான் முதலில் வைப்பது, ஆய்வு நேர்காணல்களைக் கேட்டு எழுதி ஆங்கிலத்தில் தருவது. போருக்குப் பிறகு எங்களை ஆராயாத ஆள் இல்லை. மீள்குடியேற்றம், காணி, நுண்கடன், பெண் தலைமைக் குடும்பங்கள், மீன்பிடி, காலநிலை என்று கொழும்பிலிருந்தும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வருகிறார்கள், ஃபோனில் மணிக்கணக்காகப் பதிவு செய்துகொண்டு போகிறார்கள். அந்தப் பதிவுகளை யாராவது எழுத்தாக்கவேண்டும். இயந்திரம் வன்னிப் பேச்சில் தடுக்கி விழுகிறது. ஒரு முதியவர் வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு, பின்னால் கோழி கத்த, இடையில் மருமகளும் குறுக்கிட்டுச் சொல்கிற கதையை, வன்னியில் வளர்ந்த காதுதான் பிடிக்கும்.

இந்த வேலையின் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொண்டு விலை சொல்லுங்கள். பழகிய ஒருவருக்கே ஒரு மணித்தியாலத் தெளிவான பதிவை எழுத நான்கு மணித்தியாலமாவது வேண்டும். குழுக் கலந்துரையாடல் என்றால் அதைவிடக் கூட. மொழிபெயர்ப்பும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆகவே ‘ஒரு பதிவுக்கு இவ்வளவு’ என்று ஒருபோதும் ஒத்துக்கொள்ளவேண்டாம். பதிவின் நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். பேசும் முன் இரண்டு நிமிடத் துண்டைக் கேட்டு வாங்கிக் கேளுங்கள். காற்றுச் சத்தமா, எத்தனை பேர் கதைக்கிறார்கள், சொல்லுக்குச் சொல் வேண்டுமா, சாரம் போதுமா என்பதைப் பார்த்துவிட்டு விலை சொல்லலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பதிவுகளில் பேசுகிறவர்கள் எங்கள் சனம். காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றியோ, கடன்காரன் வாசலில் வந்து நின்றதைப் பற்றியோ சொல்லியிருப்பார்கள். ஒட்டுசுட்டானுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. குரலைக் கேட்டே ஆளை மட்டுக்கட்டிவிடுவீர்கள். கேட்டதை வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லக்கூடாது. பதிவை இலவச இணையக் கருவிகளில் ஏற்றக்கூடாது. வேலை முடிந்ததும் அழித்துவிட்டு, அழித்ததாக எழுத்தில் சொல்லுங்கள். இதை நீங்களே முதல் மின்னஞ்சலில் சொன்னால், நல்ல ஆய்வாளர் உங்களை விடமாட்டார். சில பதிவுகளைக் கேட்ட பிறகு இரவில் நித்திரை வராது. அப்படியானதை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று நாளுக்குப் பிரித்துச் செய்யுங்கள், அதற்கேற்றபடி கெடு கேளுங்கள்.

அடுத்தது தொண்டு நிறுவனங்களின் பயிற்சிக் கையேடு, கேள்விக்கொத்து, துண்டுப்பிரசுரம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. நீங்கள் வெளிக்களத்தில் பயன்படுத்திய கேள்விக்கொத்துகளின் தமிழ் எப்படி இருந்தது என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். கேள்வியை வாசித்துவிட்டு, ‘அம்மா, இவை கேட்கிறது என்னெண்டால்...’ என்று நீங்களே திரும்ப விளக்கியிருப்பீர்கள். அந்த விளக்கத்தைத்தான் இனி விற்கப்போகிறீர்கள்.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: கல்வெட்டு. ஒருவர் காலமாகி 31ஆம் நாளில் கொடுக்கிற நினைவு மலரைத்தான் சொல்கிறேன். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனின் வரலாற்றைத் தமிழில் நான்கு பக்கம் எழுத நேரமும் இல்லை, பலருக்கு எழுத்தும் இல்லை. அச்சகக்காரர் பழைய கல்வெட்டு ஒன்றில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். நல்லாய்க் கேட்டு எழுதக்கூடிய ஒருவருக்கு இங்கே இடம் இருக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், ஊர்ச் சங்க மலர் எல்லாம் இதே கூட்டம்தான். இதை எழுத்து வேலையாக மதிக்காதவர்கள் உண்டு. ஒரு மனிதரின் எழுபது வருடத்தை நான்கு பக்கத்துக்குள் பொய்யில்லாமல் அடக்கத் தெரிந்தவர் வேறு எதையும் எழுதுவார் என்பது என் எண்ணம். ஒரேயொரு எச்சரிக்கை: உறவுமுறைப் பட்டியலைக் குடும்பத்தில் இருவரிடம் தனித்தனியாகச் சரிபார்த்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒரு சம்பந்தியின் பெயர் விடுபட்டால், இறந்தவரை விட்டுவிட்டு எல்லோரும் உங்களைத்தான் கதைப்பார்கள்.

முதல் வேலை அனேகமாக முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வராது. உங்களைத் தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து வரும். முன்னாள் திட்ட முகாமையாளர், உங்கள் ஆய்வுக் கட்டுரையை மேற்பார்வை செய்த விரிவுரையாளர், கூடப்படித்து இப்போது வெளிநாட்டில் மேற்படிப்புப் படிப்பவர்கள், கிளிநொச்சி அச்சகக்காரர், லண்டன் மாமி. இவர்களுக்கு ‘ஏதும் வேலை இருந்தால் சொல்லுங்கோ’ என்று எழுதினால் எல்லோரும் ‘ஓம்’ என்பார்கள், எதுவும் நடக்காது. வேலையைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். இப்படி:

‘வணக்கம் சேர். நான் இப்போது வீட்டிலிருந்து தமிழ் நேர்காணல் பதிவுகளைக் கேட்டு எழுதி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். விவசாயம், வாழ்வாதாரம் சம்பந்தமான ஆய்வுகள் எனக்குப் பழக்கம். ஐந்து நிமிடப் பதிவுக்கான மாதிரி ஒன்றை இணைத்திருக்கிறேன். வடக்கில் தரவு சேகரிக்கும் ஆய்வாளர் யாரையும் உங்களுக்குத் தெரிந்தால், இந்தச் செய்தியை அவருக்கு அனுப்பிவிடுவீர்களா?’

கடைசி வரிதான் முக்கியம். வேலை தரச் சொல்லிக் கேட்டால் அவருக்குச் சங்கடம். செய்தியை அனுப்பிவிடுவது இரண்டு தட்டு வேலை.

‘மாதிரி’ என்றதும் உங்களுக்குப் பயம் வரும், வெளிவந்த எழுத்து எதுவும் இல்லையே என்று. மாதிரிக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நீங்களே செய்யலாம். மூன்று போதும். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவர் கச்சான் செய்கை பற்றிப் பேசுவதை ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அதை அப்படியே தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தையும் வையுங்கள். அடுத்தது படைப்புழு. 2018 இறுதியில் சோளச் செய்கையை அடித்த அந்தப் புழுவைப் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் ஆங்கிலத்தில் நிறைய வெளியிட்டிருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை எடுத்து, முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் செய்கிற ஒரு விவசாயிக்கு விளங்குகிற தமிழில் கொடுங்கள். மூன்றாவது, நீங்களே ஆங்கிலத்தில் எழுதும் ஒரு கட்டுரை, எண்ணூறு சொல்லுக்குள். 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை அறிவித்து, அந்த நவம்பரில் திரும்ப எடுத்தார்களே, அந்தக் காலபோகத்தில் உங்கள் அயலில் யார் என்ன செய்தார்கள், எவ்வளவு விதைத்து எவ்வளவு வெட்டினார்கள். இதை எழுதப் புள்ளிவிபரம் தேடி ஓடவேண்டாம், நான்கு வீட்டுக்குப் போனால் போதும்.

எழுதிப் பழக இன்னொரு இடமும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, தொடங்கிவைத்தவர் எங்கள் யாழ்ப்பாணத்து இ. மயூரநாதன். வன்னியின் குளங்களுக்கும் பயிர்களுக்கும் அங்கே இன்னும் நிறைய எழுத இடமிருக்கிறது. காசு வராது. ஆனால் ஆதாரத்தோடு எழுதும் பழக்கமும், உங்கள் பெயரில் ஒரு தொகுப்பு வரலாறும் வரும். மொழிபெயர்ப்புக்கு என்றால் ‘எல்லைகளற்ற மொழிபெயர்ப்பாளர்கள்’ என்ற தொண்டு அமைப்பில் தன்னார்வலராகச் சேரலாம். எல்லாவற்றையும் இலவசமாகச் செய்து பழகிவிடவும் கூடாது. வசதியுள்ள நிறுவனம் ‘இந்த முறை இலவசமாகச் செய்யுங்கோ, பிறகு பார்ப்பம்’ என்றால் அந்தப் பிறகு வராது. பரீட்சை வேலையாக இருநூறு முன்னூறு சொல் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம், செய்யலாம். முழுக் கட்டுரையையே பரீட்சை என்று கேட்டால் விட்டுவிடுங்கள்.

விலை. இங்கேதான் எங்கள் பிள்ளைகள் கூச்சப்பட்டுக் கெடுகிறார்கள். ஆங்கிலம் தமிழ் மொழிபெயர்ப்பில் சொல்லுக்கு 3 அமெரிக்க சதம் என்பது தொடக்கத்தில் வெட்கப்படவேண்டாத விலை. அதற்குக் கீழே கேட்கும் ஏஜென்சிகள் நிறைய. 1 சதத்துக்கு ஒத்துக்கொண்டால் பிறகு ஏறவே விடமாட்டார்கள். எந்தச் சொல்லை எண்ணுவது என்பதை முதலிலேயே பேசுங்கள். ஆயிரம் ஆங்கிலச் சொல் தமிழுக்கு வரும்போது எழுநூறு சொல் அளவுக்குச் சுருங்கிவிடும், எங்கள் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால். மொழிபெயர்த்து முடித்த தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், கூலியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்றைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டார் என்று அர்த்தம். மூல ஆங்கிலத்தின் எண்ணிக்கையே கணக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் தளத்தின் வெட்டு. ஃபைவர் என்ற இன்னொரு வேலைத் தளம் 20 வீதம் எடுக்கும். அப்வேர்க் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 இலிருந்து 15 வீதம் வரை, வேலையைப் பொறுத்து எடுக்கிறது. ஆயிரம் சொல்லுக்கு 3 சதப்படி 30 டொலர், ஃபைவர் எடுத்தது போக 24. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 7,200 ரூபா, அதிலும் பணமாற்றக் கட்டணம் போகும். மொழிபெயர்ப்பில் ஒருநாளைக்கு இரண்டாயிரம் சொல் என்பது பழகியவர்களின் அளவு. நீங்கள் இப்போதைக்கு எண்ணூறு ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுக்க வேலை இருக்காது. முதல் ஆறு மாதம் இதை வீட்டின் ஒரே வருமானமாக நம்பவேண்டாம். வேறு கள வேலை கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, இதை மாலையில் செய்யுங்கள்.

இரண்டு மூன்று வேலை முடிந்து, நாலு பேர் நல்லதாக எழுதித் தந்த பிறகு அப்வேர்க்குக்குத் திரும்பிப் போங்கள். அந்த ‘எந்தத் தலைப்பிலும்’ வரியை அழித்துவிட்டு, இலங்கைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர், விவசாயப் பட்டதாரி, வடக்கில் கள அனுபவம் என்று தலைப்பு வையுங்கள். இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் மொழிபெயர்ப்பு ஏஜென்சிகளிடம் தனித்தனிப் பிரிவு. எங்கள் பிரிவில் கூட்டம் குறைவு. விளம்பரம் வந்து சில மணித்தியாலத்துக்குள் இருப்பதாகப் பார்த்து, பணம் செலுத்தும் வழி உறுதிசெய்யப்பட்ட வாடிக்கையாளருக்கு மட்டும் எழுதுங்கள். நிலையான தொகை வேலை என்றால், வாடிக்கையாளர் அந்தத் தொகையைத் தளத்தில் முன்கூட்டி வைப்பிலிட்ட பிறகுதான் கையை வைக்கவேண்டும். நீங்கள் கொடுத்து 14 நாளுக்குள் அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் காசு தானாக விடுபடும், அதன்பின் பாதுகாப்புக்காக இன்னும் 5 நாள் நிற்கும். ‘தளத்தை விட்டு வெளியே வா, கூடத் தருகிறேன்’ என்பவரை நம்பினால் காசும் போகும், கணக்கும் முடக்கப்படலாம். வேலையைப் பற்றிக் கதைக்காமல் இரவில் வீடியோவில் வரச் சொல்கிறவரையும் அங்கேயே முறையிட்டுத் தடைசெய்யுங்கள். விளக்கம் சொல்லிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. மொழிபெயர்ப்பு ஏஜென்சி நேரடியாக மின்னஞ்சல் போட்டால், புரோஸ் டொட் கொம் என்ற தளத்தில் ‘புளூ போர்ட்’ என்று ஒரு பகுதி உண்டு, அந்த ஏஜென்சி ஒழுங்காகக் காசு கொடுக்கிறதா என்று மற்ற மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே மதிப்பிட்டிருப்பார்கள்.

பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் மொழிபெயர்க்கச் சொல்லி உறவுகள் கேட்பார்கள். அது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு செய்யவேண்டியது. நீங்கள் தொடாமல் அவர்களிடம் அனுப்பிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். 2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்த பிறகு, ஐந்து டொலருக்கு ஐந்நூறு சொல் எழுதும் வேலை கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. அதற்காக நான் அழவும் இல்லை, அது எழுதுகிறவரை உறிஞ்சிய வேலை. மிஞ்சியிருப்பது, இயந்திரத்துக்குத் தெரியாததைத் தெரிந்துவைத்திருப்பவரின் வேலை. களைக்கு எங்கள் ஊர்ப் பெயர் என்ன, கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஒரு விடயத்தை எப்படிச் சொல்வார்கள், ஒரு தாய் ‘பரவாயில்லை’ என்னும்போது பரவாயில்லையா இல்லையா. மற்றது, இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்துகிற வேலை இப்போது நிறைய வருகிறது. இதற்கு மொழிபெயர்ப்பைவிடக் குறைந்த விலைதான் தருவார்கள். வந்த கோப்பைத் திறந்து நடுவில் ஒரு பக்கத்தை வாசித்த பிறகே விலை சொல்லுங்கள். ‘எழுத்துப்பிழை மட்டும் பார்த்தால் போதும்’ என்று அனுப்புவார்கள், உள்ளே ஒரு வாக்கியமும் நிற்காது. அப்படியென்றால் இது திருத்தம் இல்லை, புது மொழிபெயர்ப்பு, அதற்கான விலை இது என்று மரியாதையாக எழுதலாம். நீங்களும் இயந்திரத்தைப் பயன்படுத்துவீர்கள், அதில் குற்றமில்லை. வாடிக்கையாளருக்குத் தெரிந்து செய்யுங்கள்.

தட்டச்சைப் பற்றி ஒரு சின்ன விடயம். நீங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகியிருந்தால் விசைப்பலகையை மாற்றத் தேவையில்லை, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட்டை அதே விசைகளில் அடிக்கும் மென்பொருள்கள் உண்டு. வெளிநாட்டுக்குப் போகும் எதுவும் யூனிகோட்டில் இருக்கவேண்டும். பாமினி எழுத்துருவில் அனுப்பினால் அங்கே திறக்கும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அச்சகக்காரர் மட்டும் இன்னும் பாமினிதான் கேட்பார், அவருக்கு மாற்றிக் கொடுங்கள்.

இனிக் காசு வரும் வழி. இதை வேலை கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள், இப்போதே செய்யவேண்டியது. பேபால் என்ற இணையப் பணச் சேவையில் இலங்கையிலிருந்து பணம் செலுத்தலாம், பெறுவதற்கு நெடுங்காலமாக வழியில்லாமல் இருக்கிறது. திறக்கப்போகிறது என்ற பேச்சு வந்துகொண்டே இருக்கும். அதை நம்பித் தெரிந்தவரின் வெளிநாட்டுப் பேபால் கணக்குக்குக் காசை வரவழைக்காதீர்கள். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் பாவிப்பது பேயோனியர், அப்வேர்க்கும் ஃபைவரும் அதற்கு அனுப்பும், அங்கிருந்து உங்கள் வங்கிக்கு எடுக்கலாம். தனிப்பட்டவர்கள் வைஸ் என்ற பணம் அனுப்பும் சேவை மூலமோ வங்கி வழியோ நேரடியாக ரூபாவாக அனுப்பலாம். கல்வெட்டுக்காரர் ‘உண்டியலில் போடுகிறேன், ரேட் கூட’ என்பார். வேண்டாம். வங்கிக்கு வெளியே கைமாறும் அந்த முறை சட்டத்துக்குப் புறம்பானது, நாளைக்கு வங்கியில் வருமானத்தைக் காட்டவும் உதவாது.

வன்னியில் நிறையப் பேர் மாட்டுப்படுவது பெயரில். எங்கள் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக, பட்டச் சான்றிதழில் முழுதாக, ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டிலும் வேறாக. இடம்பெயர்வில் தொலைந்து மறுபடி எடுத்த பிறப்புச் சான்றிதழ் என்றால் கேட்கவே வேண்டாம். பேயோனியரும் தளங்களும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் கணக்கின் பெயரும் வங்கியின் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் பார்க்கும். ஒரு எழுத்து மாறினாலும் காசு நடுவில் நிற்கக்கூடும். 2017 ஒக்டோபரிலிருந்து தரும் புதிய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கிறது. உங்களிடம் இருப்பது பழையது என்றால் கிராம சேவையாளர் ஊடாகப் புதியதற்கு விண்ணப்பியுங்கள். அது வந்ததும் அதைக் கொண்டுபோய் வங்கிப் பெயரையும் அதேபோல மாற்றுங்கள். அதன்பிறகுதான் பேயோனியரில் பதிய வேண்டும். தலைகீழாகச் செய்தால் பல மாதம் இழுபடும். அப்வேர்க்கில் ஏற்கனவே திறந்த கணக்கின் பெயரையும் இதோடு ஒருக்கால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வருமான வரிக்கு இப்போதைக்குப் பயப்படவேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரியில்லை, அதற்கு மேல் வங்கி வழியாக வெளிநாட்டு நாணயத்தில் வரும் சேவை வருமானத்துக்கு உச்ச வீதம் 15. வரி செலுத்துநர் அடையாள இலக்கம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் திகதியில் யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள்.

கெடுவைப் பற்றியும் சொல்லவேண்டும். மாரியில் எங்கள் பக்கம் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகிற நாள்கள் வரும், வாடிக்கையாளருக்கு அது விளங்காது. இரண்டு நாளில் முடியும் என்று தெரிந்தால் நான்கு நாள் கேளுங்கள். வேலை செய்யும் கோப்பை ஃபோனிலும் ஒரு பிரதி வையுங்கள். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும் கைவசம் இருக்கட்டும். வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில் கெடு வைக்காதீர்கள், வீட்டில் ஒருவரும் உங்களை லப்டொப்போடு இருக்க விடமாட்டார்கள். லண்டன்காரர் எங்கள் பின்னேரத்தில் வேலை தொடங்குவார், ரொறன்ரோக்காரர் எங்கள் இரவில். அவர்களுடைய காலைக்கு முன் பதில் போய்ச் சேர்ந்தால் போதும், நடுச்சாமத்தில் விழித்திருக்கத் தேவையில்லை.

கடைசியாக லப்டொப். கிழமைக் கடன் எடுக்கவேண்டாம். அந்தக் கடனுக்கு ஒவ்வொரு கிழமையும் தவணை, எழுத்து வேலைக்கு வருமானம் எந்தக் கிழமை என்று சொல்லமுடியாது. முதல் தவணை தவறியதும் வாசலில் ஆள் வந்து நிற்பார், நீங்கள் 1 சத வேலைக்கும் தலையாட்டுவீர்கள். தம்பியின் லப்டொப்பில் பிரௌசரும் கூகுள் டொக்ஸும் திறக்கிறதா? ஒலிப்பதிவு ஓடுகிறதா? அது போதும். ஒமேகாட் என்ற மொழிபெயர்ப்பு மென்பொருள் இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும். மெதுவாக இருந்தால் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ கொண்டுபோய் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று போட்டு, இடமிருந்தால் ரம் என்ற நினைவகத்தையும் கூட்டச் சொல்லுங்கள், புதியதின் விலையில் சிறு பங்குதான் வரும். முதல் வேலைக் காசில், காதை மூடுகிற நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்குங்கள். பதிவு கேட்டு எழுதுவதற்கு லப்டொப்பைவிட அதுதான் அவசியம்.